தத்தெடுத்த தெருநாயின் வாயில் அவசரப்பட்டுக் கைவைக்காதீர்கள்

தெருவிலிருந்து ஒரு நாயை வீட்டுக்குக் கூட்டி வருகிறவர்கள் முதல் வாரத்தில் கவலைப்படுவது உண்ணி, சொறி, வயிற்றுப்போக்கு பற்றித்தான். அது பக்கத்தில் வந்து கொட்டாவி விடும்போதுதான் வாய் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வரும். நாற்றம் குப்பென்று அடித்ததும் பிரஷ்ஷும் பேஸ்ட்டும் ஆர்டர் ஆகிவிடும். வந்து சேர்ந்த அன்றே வாயைப் பிளந்து தேய்க்கப் பார்ப்பார்கள். பாதித் தவறுகள் இந்த அவசரத்தில் வருபவை.

தடுப்பூசி விவரம் தெரியாத, புதிதாக வந்த நாயின் வாய்க்குள் கைவிடவே கூடாது. கடித்துவிடும் என்பது மட்டும் காரணம் அல்ல. ரேபிஸ் வந்த நாய் என்றால் துரத்தித் துரத்திக் கடிக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சில நாய்கள் சத்தமில்லாமல் மூலையில் ஒடுங்கிவிடும். தாடை தொங்கும், விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகும். பார்க்கிறவர்களுக்குத் தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்டது போலவே தெரியும். பாவம் பார்த்துக் கையை விட்டால், விரலில் உள்ள சின்னக் கீறல் வழியாகக்கூட நோய் ஏறிவிடும். அப்படி எச்சில் பட்டுவிட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். காதில் வெட்டு இருக்கிறதே என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். அது கருத்தடை ஆன நாய் என்பதற்கான அடையாளம். என்றோ போட்ட ரேபிஸ் ஊசி இன்னும் காக்கிறதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

ஊசியெல்லாம் போட்டு, நாயும் நம்மை நம்பத் தொடங்கிய பிறகு உதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். அங்கே தெரிவதெல்லாம் அழுக்கு அல்ல. குட்டியில் டிஸ்டம்பர் என்ற வைரஸ் நோய் வந்து பிழைத்த நாய்க்குப் பல்லின் மேல்பூச்சான எனாமல் சரியாக உருவாகியிருக்காது. நிலைப்பற்கள் முளைக்கும்போதே பழுப்புக் குழிகளோடு வரும். கறை என்று நினைத்து அழுத்தித் தேய்த்தால் ஏற்கெனவே கூசுகிற பல்லில் வலிதான் மிஞ்சும். சங்கிலியையோ கூண்டுக் கம்பியையோ கடித்தே காலம் தள்ளிய நாய்க்குக் கோரைப்பல்லின் பின்பக்கம் தேய்ந்திருக்கும், சிலவற்றுக்கு முறிந்தே போயிருக்கும். இதையெல்லாம் பார்த்துவிட்டு ‘வயசான நாய்’ என்று முடிவுகட்டுவதும் தப்பு. ஏழு மாத வாக்கில் 42 பற்களும் முளைத்துவிடும். அதற்குமேல் பல்லை வைத்து வயது சொல்வது உத்தேசக் கணக்குதான்.

ஈறில் ரத்தம் கசிந்தாலும் உடனே பல்லைக் குறை சொல்லிவிடாதீர்கள். நம் ஊர் நாய்களுக்குச் சகஜமாக வரும் உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்து ஈறு கசியும். ஸ்கேலிங்குக்கு, அதாவது பல்லில் கல்லாக இறுகிய காரையை டாக்டர் எடுப்பதற்கு, முன்னால் ரத்தப் பரிசோதனையை வேண்டாத செலவு என்று தவிர்ப்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

அடுத்தது எலும்பு. கோழிக்கடையில் கழுத்தும் காலும் வாங்கிவந்து, குருணை அரிசியோடு குக்கரில் போட்டு எலும்போடு வைப்பது பல வீடுகளில் வழக்கம். எலும்பு கடித்தால் பல் சுத்தமாகும் என்று ஒரு சமாதானமும் சொல்வார்கள். வெந்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து ஈறிலும் குடலிலும் குத்தும். கறிக்கடைக்காரர் தரும் பெரிய தொடை எலும்பு வேறு மாதிரி ஆபத்து: மேல்வரிசையில், கன்னத்துப் பக்கம் இருக்கும் மிகப் பெரிய பல் பட்டையாகப் பிளந்துவிடும். பிளவு வழியாகக் கிருமி வேருக்கு இறங்கும். சில வாரமோ மாதமோ கழித்துக் கண்ணுக்குக் கீழே வீக்கம் வரும். குளவி கொட்டியிருக்கும் என்று மஞ்சள் பூசிக்கொண்டிருப்பார்கள். கடிக்கக் கொடுக்கும் எதையும் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதியவில்லையென்றால் அது பல்லுக்கு ஆகாது.

‘நல்லாத்தானே சாப்பிடுது’ என்பதும் நம்பக்கூடிய அளவுகோல் இல்லை. தெருவில் போட்டி போட்டுத் தின்று வளர்ந்த நாய் எவ்வளவு வலித்தாலும் தட்டை நக்கிவிடும். ஒரே பக்கமாக மெல்லுகிறதா, வாயிலிருந்து உணவு நழுவுகிறதா, முகத்தைத் தரையில் தேய்க்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

நாம் தேய்க்கும் பேஸ்ட் வேண்டாம். நாய்க்குத் துப்பத் தெரியாது. சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பு ரத்தச் சர்க்கரையைச் சடாரென்று இறக்கி உயிரையே எடுத்துவிடும். உப்பு, கரித்தூள் வைத்தியமும் வேண்டாம்.

மயக்க மருந்து இல்லாமலே ஸ்கேலிங் செய்து தருகிறோம் என்று சில இடங்களில் சொல்வார்கள். மயக்க மருந்துக்குப் பயந்து சம்மதிக்கவும் தோன்றும். ஆனால் பல்லின் பாதிக்கு மேல் ஈறுக்குள் இருக்கிறது, சீழ் பிடிப்பதும் அங்கேதான். விழித்திருக்கும் நாயிடம் அந்த இடத்தைச் சுத்தம் செய்யவும் முடியாது, எக்ஸ்ரே எடுக்கவும் முடியாது. வெளியே வெள்ளையாகத் தெரிவதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாமும் விட்டுவிடுவோம். உலகச் சிறுவிலங்குக் கால்நடை மருத்துவர் சங்கம் இந்த முறையை வெளிப்படையாகவே எதிர்க்கிறது. அதைவிட மோசம், ஆன்லைனில் சுரண்டும் கருவி வாங்கி வீட்டிலேயே காரையைப் பெயர்ப்பது. பல்லில் விழும் கீறலில் அடுத்த காரை இன்னும் வேகமாகப் படியும். பக்கத்தில் வசதி இல்லாதவர்கள் வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரிக்கலாம்.

தேய்ப்பதெல்லாம் வாய் சுத்தமான பிறகுதான். முதலில் உதட்டைத் தொட்டு ஒரு தின்பண்டம், பிறகு ஈரத் துணி சுற்றிய விரல், அதற்கப்புறம் பிரஷ். கன்னத்தைப் பார்த்த வெளிப்பக்கம் போதும், உட்பக்கத்துக்காக மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆனால் தினமும் செய்ய வேண்டும். படியும் அழுக்கு இரண்டு மூன்று நாளிலேயே காரையாக இறுகிவிடும், அப்புறம் பிரஷ்ஷுக்கு அசையாது.

சில பற்களைப் பிடுங்கத்தான் வேண்டும் என்று டாக்டர் சொன்னால், பல் இல்லாமல் எப்படிச் சாப்பிடும் என்று பலர் மறுத்துவிட்டு வருகிறார்கள். நாய் சோற்றை மென்று ரசிக்கிற பிராணி இல்லை. பெரும்பாலும் அப்படியே விழுங்கும். ஆட்டம்கண்ட, சீழ் கட்டிய பல்லை எடுத்து ஈறு ஆறியதும் முன்பைவிட நன்றாகவே சாப்பிடும். அதுவரை சோற்றையும் எலும்பில்லாத கறியையும் குழைய மசித்து வையுங்கள்.