நெடுந்தூரக் கடல் நீச்சல்: ஃபீட், குளிர், படகுக் குழு

இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே உள்ள ஆங்கிலக் கால்வாயின் குறுகிய அகலம் சுமார் 33 கிலோமீட்டர். ஆனால் ஓதம், அதாவது கடல் ஏறி வற்றும்போது உண்டாகும் நீரோட்டம், குறுக்கே இழுப்பதால் நேர்கோட்டில் நீந்திக் கரையேற முடியாது. 1875-ல் முதன்முதலாக அதைக் கடந்த மேத்யூ வெப்புக்கு 21 மணி 45 நிமிடம் ஆனது. 2019-ல் சாரா தாமஸ் நடுவில் நிறுத்தாமல் நான்கு முறை கடந்தார், 54 மணி நேரத்துக்கு மேல். இவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கத் தோள் வலு மட்டும் போதாது. நன்றாகப் பயிற்சி எடுத்தவர்களும் வயிறு புரட்டியோ உடல் விறைத்தோ, உடன்வரும் படகில் பாதியில் ஏறிவிடுகிறார்கள். இந்த இரண்டையும் கரையிலேயே திட்டமிட்டுவிட முடியும்.

முதலில் குளிர். கால்வாய் விதிப்படி ஒரு சாதாரண நீச்சலுடை, ஒரு தொப்பி, ஒரு கண்ணாடி, அவ்வளவுதான், குளிர் தாங்கும் ரப்பர் உடையான வெட்சூட் கிடையாது. நீர் பெரும்பாலும் 14 முதல் 18 டிகிரி வரை இருக்கும். 16 டிகிரி அல்லது அதற்கும் குறைந்த நீரில் 6 மணி நேரம் நீந்திக் காட்டினால்தான் அனுமதி. எனவே பல மாதங்களுக்கு முன்பே 10 நிமிடத்தில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். குதித்து இறங்க வேண்டாம். முதல் சில நிமிடங்களில் மூச்சு தானாக வாரி இழுக்கும், அப்போது முகம் நீருக்குள் இருந்தால் ஆபத்து. நடந்து இறங்கி, முகத்தையும் பிடரியையும் நனைத்து, மூச்சை நீளமாக வெளியே விட்டுப் பழகுங்கள். தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள்.

அடுத்து ஃபீட், அதாவது நீந்தும்போதே படகிலிருந்து தரும் சத்துப் பானம். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து நல்ல தொடக்கம். அரை மணிக்கு ஒருமுறை 400 மில்லி வெந்நீரில் 30 கிராம் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடியைக் கலந்தால் சுமார் 7.5 சதவீதக் கரைசல் கிடைக்கும். இதைவிட மிகவும் கெட்டியானால் கரைசல் வயிற்றிலேயே தேங்கி, உடம்பின் நீரையும் குடலுக்குள் இழுத்துக்கொள்ளலாம். வாந்தி பல நேரம் அங்கேதான் தொடங்குகிறது. பொடியை முந்தின நாளே ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனிப் பொட்டலமாக நிறுத்து, எண் போட்டு வையுங்கள். ஆடுகிற படகில் தராசு உதவாது. சூடு இதமாக இருந்தால் போதும். குளிரில் மரத்த வாய்க்குக் கொதிப்பு தெரியாது, நாக்கு வெந்துவிடும்.

அகன்ற வாய் பாட்டிலில் 5, 6 மீட்டர் மெல்லிய கயிறு கட்டி நீச்சல்காரருக்கு முன்னால் வீசுங்கள். அவர் மல்லாந்து குடித்துவிட்டுப் பாட்டிலை விட்டுவிட்டால் குழு இழுத்துக்கொள்ளும். கயிறு எப்போதும் தொய்வாகவே இருக்கட்டும். அது விறைத்தால் படகு ஆளை இழுப்பதாகிவிடும், நீச்சல் செல்லாது என்று அறிவித்துவிடலாம். படகையோ படகிலிருப்பவரையோ பிடித்துக்கொண்டாலும் அதே கதிதான்.

ஒவ்வொரு ஃபீடும் அரை நிமிடத்தில் முடிய வேண்டும். முதல் ஃபீட் ஒரு மணி நேரத்தில், பிறகு அரை மணிக்கு ஒன்று என்றால் 12 மணி நேர நீச்சலில் 22 ஃபீட். தலா 2 நிமிடம் போனால் 44 நிமிடம் நின்றிருப்பீர்கள். அரை நிமிடமானால் 11. பிரான்ஸ் பக்கம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கேப் கிரி நே முனையை இந்த வித்தியாசத்தில் தவறவிட்டால் ஓதம் தள்ளிக்கொண்டு போய்விடும். கரை கண்ணுக்குத் தெரிந்தும் மணிக்கணக்கில் கூடுதலாக நீந்த வேண்டியிருக்கும்.

வாந்தி வந்தால் பயப்பட வேண்டாம். அடுத்த இரண்டு ஃபீடும் வெறும் வெதுவெதுப்பான நீர், அதன்பின் பாதிச் செறிவு, அது தங்கினால் பழைய அளவு. படகின் டீசல் புகையும் ஒரு காரணம். புகை வீசாத பக்கத்துக்கு நீச்சல்காரரை மாற்றச் சொல்லுங்கள். உப்பு நீரில் நாக்கு வீங்கிப் புண்ணாகும். சில ஃபீடுகளுக்கு ஒருமுறை நீர்த்த மவுத்வாஷில் கொப்பளித்தாலோ, மென்மையான டின் பழத்துண்டு ஒன்றைத் தின்றாலோ இதமாக இருக்கும்.

உரசும் இடங்களான கழுத்து, அக்குள், நீச்சலுடையின் தோள்வாருக்குக் கீழே லானோலின் என்ற ஆட்டுரோமக் கொழுப்பும் வாசலினும் கலந்து தடவுங்கள். தடவுபவர் கையுறை போடட்டும். அந்தப் பிசுக்கு நீச்சல் கண்ணாடியில் பட்டால் நடுக்கடலில் துடைக்கவே முடியாது.

படகில் இருப்பவர்கள் அரை மணிக்கு ஒருமுறை நிமிடத்துக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணி எழுத வேண்டும். இதைவிட நம்பகமான அளவுகோல் அங்கே இல்லை. 62-ல் சீராகப் போனவர் 54-க்கு இறங்கினால் கேள்வி கேளுங்கள்: வீட்டு எண் என்ன, அம்மா பெயர் என்ன. பதில் குழறினாலோ தாமதித்தாலோ குளிர் மூளையைத் தொட்டுவிட்டது. அந்த நிலையில் “நன்றாக இருக்கிறேன்” என்றுதான் அவர் சொல்வார், நம்பக்கூடாது. எப்போது வெளியே எடுப்பது, யார் முடிவெடுப்பது என்பதைப் புறப்படும் முன்பே ஒரே ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். கரை இன்னும் எவ்வளவு தூரம் என்று மட்டும் நீச்சல்காரரிடம் சொல்லாதீர்கள். ஓதம் திரும்பினால் அந்தக் கணக்கு பொய்யாகும், மனம் உடைந்துவிடும்.

ஏறிய பின்பும் வேலை இருக்கிறது. நீரைவிட்டு வந்தபின் சிறிது நேரம் உடலின் உள்வெப்பம் இன்னும் குறையும். ஈர உடையைக் கழற்றி, துடைத்து, மேலுடம்பிலிருந்து தொடங்கி உடுத்துங்கள். தொப்பி, கம்பளி, காற்றுக்கு மறைவு. தெளிவாகப் பேசி, தானாக விழுங்க முடிந்தால் இளஞ்சூட்டில் இனிப்பான பானம் கொடுக்கலாம். வெந்நீர்க் குளியல் உடனே வேண்டாம். தோலின் ரத்தக் குழாய்கள் சட்டென்று விரிந்து ரத்த அழுத்தம் விழும், ஆள் மயங்கிச் சாயக்கூடும்.