போக்சோ இழப்பீடு: தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம்

பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையின் வீட்டில் இழப்பீடு என்ற பேச்சை எடுத்தாலே, "முதலில் கேஸ் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். பணத்துக்காகப் புகார் கொடுத்தோம் என்று ஊர் பேசிவிடுமோ என்ற கூச்சமும் அதில் இருக்கும். அந்தக் கூச்சம் புரிகிறது. ஆனால் இழப்பீட்டுக்கும் தண்டனைக்கும் சட்டம் முடிச்சுப் போடவே இல்லை.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்தான் போக்சோ. அதன் 2020ஆம் ஆண்டு விதிகளில் 9ஆம் விதியைப் பாருங்கள். எஃப்.ஐ.ஆர். பதிவானதும், வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தாலும், சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு வழங்கலாம். மனு போட்டும் கேட்கலாம். நீதிமன்றம் தானாகவும் தரலாம். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலும், ஆள் யாரென்றே தெரியாமல் போனாலும், குழந்தைக்குப் பாதிப்பு ஏற்பட்டது என்று நீதிமன்றம் கருதினால் இறுதி இழப்பீடு உண்டு. கொடுப்பது மாநில அரசு. உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். குற்றவாளியிடம் காசு இல்லையே என்று கவலைப்பட வேண்டியதே இல்லை.

அடுத்த தவறு, எல்லாவற்றையும் அரசு வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது. அவருடைய வேலை குற்றத்தை நிரூபிப்பது. இடைக்கால இழப்பீட்டு மனுவை மறக்காமல் போட, குழந்தையின் பக்கம் நிற்க, தனியாக ஒருவர் வேண்டும். போக்சோ சட்டத்தின் 40ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. வசதி இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தர வேண்டும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இதில் வருமான வரம்பு கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

தனியார் வக்கீல் வைப்பதானால் ஒன்றில் கவனம் தேவை. "பீஸ் வேண்டாம், வரும் பணத்தில் இவ்வளவு சதவீதம் கொடுங்கள்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வழக்கின் பலனில் பங்கு கேட்பதை பார் கவுன்சில் விதிகளே தடுக்கின்றன. அது குழந்தையின் பணம்.

ரசீதுகளைத் தூக்கிப் போடுவது சின்னத் தவறாகத் தெரியும், ஆனால் தொகையையே குறைத்துவிடும். உடல், மனச் சிகிச்சைக்கு ஆன செலவு, பள்ளிக்குப் போக முடியாத நாட்கள், கொடுமை ஒருமுறை நடந்ததா தொடர்ந்து நடந்ததா, செய்தவர் உறவினரா என்பதையெல்லாம் நீதிமன்றம் கணக்கில் எடுக்கும். கவுன்சலிங் சீட்டு, பள்ளி மாற்றிய டி.சி., வருகைப் பதிவு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள்.

பெரியவர்கள் கூடிப் பேசி, ஒரு தொகையை வாங்கிக்கொண்டு முடித்துவிடலாம் என்பார்கள். இதுதான் எனக்கு அதிகம் வலிக்கும் தவறு. குழந்தையிடம் யாரும் கேட்பதில்லை. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான வழக்கை, சமரசம் ஆகிவிட்டது என்ற காரணத்தால் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லி வழக்கை மீண்டும் நடத்தச் செய்தது. இப்படிப்பட்ட குற்றம் இரண்டு குடும்பங்களுக்கு இடையேயான சொந்த விவகாரம் அல்ல.

இப்போது 18 வயது தாண்டிவிட்டது, இனி வழி இல்லை என்று நினைப்பவர்களும் உண்டு. சம்பவம் 2012 நவம்பர் 14க்குப் பிறகு, நீங்கள் 18 வயதுக்குக் கீழே இருந்தபோது நடந்திருந்தால் போக்சோ பொருந்தும். அதற்கு முந்தையது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின்கீழ் பார்க்க வேண்டும். அதைத் தெரிந்த வக்கீலிடம் கேளுங்கள்.

பணம் கிடைத்த பிறகும் ஒரு குழப்பம் வரும். சிறாருக்கான தொகையில் பெரும்பகுதியை நீதிமன்றம் நிரந்தர வைப்பில் (ஃபிக்சட் டெபாசிட்) போடச் சொல்லலாம். 18 வயது வரை தொடவே முடியாது என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். படிப்புக்கோ மருத்துவத்துக்கோ அவசரம் என்றால் முன்னதாகவே எடுக்க அனுமதி கேட்டு மனு போடலாம். பள்ளிக் கட்டணத்துக்காக வட்டிக்கு வாங்கும் முன் அந்த மனுவைப் போடச் சொல்லி உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.