பெரிய பணக்காரங்க முதலீட்டைப் பாத்து காப்பி அடிக்கிறதுக்கு முன்னாடி

பெரிய பணக்காரங்க எதுல பணம் போடுறாங்கன்னு தேடிப் பாத்து நாமளும் அதையே வாங்கிட்டா போதும்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க. மொத சறுக்கலே அங்கதான். என்ன வாங்குனாங்கன்னு நமக்குத் தெரியும், எந்தப் பணத்துல வாங்குனாங்கன்னு தெரியாது. வீட்டுச் செலவு, வரி, அவசரம்னு பல வருஷத்துக்குத் தேவையானதை ரொக்கமாவும் கடன் பத்திரமாவும் ஒதுக்கி வச்சிட்டு, போனாலும் வாழ்க்கை ஆட்டம் காணாத மிச்சத்தைத்தான் அவங்க ரிஸ்க்ல விடுவாங்க.

அமெரிக்காவுல பெரிய ஃபண்ட் நடத்துறவங்க கையில என்னென்ன பங்கு இருக்குன்னு 13எஃப்னு ஒரு லிஸ்ட்டை அரசாங்கத்துக்குக் குடுப்பாங்க, அதைப் பாத்து "இவரே வாங்கிட்டாரு"ன்னு ஓடிப்போய் வாங்குறவங்க இருக்காங்க. காலாண்டு முடிஞ்சு 45 நாள் வரைக்கும் அதைக் குடுக்க டைம் இருக்கு, அதனால நாம பாக்குறப்போ அவரு வித்துட்டே கூட போயிருக்கலாம். ரொக்கம் எவ்ளோ, எந்தப் பங்கு விழும்னு பந்தயம் கட்டி ஷார்ட் அடிச்சிருக்காரு, இதெல்லாம் அந்த லிஸ்ட்ல வராது.

அடுத்தது ரொம்ப முக்கியம், லாக் ஆகுற பணம். பிரைவேட் ஈக்விட்டி ஃபண்ட், அதாவது பங்குச்சந்தையில இல்லாத கம்பெனிகளை வாங்குற ஃபண்ட்னா பொதுவா 10 வருஷம், நடுவுல கேட்டா கிடைக்காது. அதுவும் பணத்தை ஒரே தடவையில வாங்க மாட்டாங்க, 100 தர்றேன்னு கையெழுத்து போட்டா இன்னைக்கு 20 கேப்பாங்க, மிச்சத்துக்கு எப்போ வேணும்னாலும் கேபிடல் கால்னு ஒரு லெட்டர் வரும், பெரும்பாலும் ரெண்டு வாரம்தான் டைம், கட்டலைன்னா ஏற்கனவே போட்டதுல ஒரு பகுதியைப் பிடிச்சுக்கலாம்னு ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கும். மார்க்கெட் விழுந்து கிடக்குறப்போ இந்த லெட்டர் வந்தா நல்ல பங்கை அடிமாட்டு விலைக்கு வித்துதான் கட்டணும், அதான் வெவரமானவங்க அந்த மிச்ச 80ஐ ஏற்கனவே செலவாயிட்ட பணமா நெனைச்சு தனியா எடுத்து வச்சிருப்பாங்க. தயவுசெஞ்சு வீடு வாங்கவோ பிள்ளைங்க படிப்புக்கோ வச்சிருக்குற காசை இதுல போடாதீங்க.

கடன் விஷயத்துக்கு வருவோம். பங்கை விக்காம அதை அடமானம் வச்சு கடன் வாங்குறதுதான் பணக்காரங்க ரகசியம்னு இப்போ பரவலா சொல்றாங்க. அவங்க சொத்து மதிப்புல ஒரு சின்ன பகுதி அளவுக்குத்தான் கடன் வாங்குவாங்கங்கிறதை யாரும் சொல்றதில்ல. அளவு மீறினா பணக்காரங்களும் தப்ப முடியாது. பில் ஹ்வாங்னு ஒருத்தரோட ஆர்கெகோஸ், அதுவும் ஒரு ஃபேமிலி ஆபீஸ்தான் (ஒரு பணக்காரக் குடும்பத்தோட சொத்தை மட்டும் பாத்துக்குற நிறுவனம்), கடன் பலத்துல கொஞ்சம் பங்குகள்லயே பெருசா பந்தயம் கட்டி 2021 மார்ச்ல சில நாள்லயே சுமார் 2000 கோடி டாலர் சொத்தைக் காலி பண்ணிடுச்சு. அவருக்குக் கடன் குடுத்த கிரெடிட் சூயிஸ் பேங்குக்கு மட்டும் 550 கோடி டாலர் நஷ்டம்.

"பெரிய மனுஷங்களே போட்டிருக்காங்க, அவங்க விசாரிக்காமலா போடுவாங்க"ன்னு நம்புறது இன்னொன்னு. விசாரிக்காமதான் போட்டிருக்காங்க! ரத்தப் பரிசோதனையில புரட்சி பண்றோம்னு பொய் சொன்ன தெரனோஸ் கம்பெனியில வால்மார்ட் குடும்பம் சுமார் 15 கோடி டாலர் போட்டுச்சு, பத்திரிகை, டிவி முதலாளி ரூபர்ட் மர்டாக் 12 கோடிக்கு மேல, எல்லாம் போச்சு. அமெரிக்காவுல பெரிய முதலீட்டு மோசடி பண்ணுன பெர்னி மேடாஃப் கேஸ்லயும் இதே கதைதான், தெரிஞ்சவங்க மூலமா தெரிஞ்சவங்கன்னு சேந்தாங்க, மார்க்கெட் ஏறினாலும் விழுந்தாலும் அவரு காட்டுன லாபம் மட்டும் சீரா இருந்துச்சு, 2008 டிசம்பர்ல பிடிபட்டப்போ கணக்குல காட்டியிருந்த 6500 கோடி டாலர்ல பெரும்பகுதி வெறும் பேப்பர்லதான் இருந்துச்சு. பணத்தை மேனேஜ் பண்றவரே பணத்தையும் வச்சுக்கிட்டு ஸ்டேட்மென்ட்டையும் அடிச்சுக் குடுத்தாரு. அதனால யாரு எவ்ளோ சிபாரிசு பண்ணாலும் பணத்தைத் தனியா பாதுகாத்து வச்சிருக்குற கஸ்டோடியன் யாரு, ஆடிட் பண்றது யாருன்னு ரெண்டு கேள்வி கேளுங்க, மழுப்புனா கெளம்பிடுங்க.

கட்டணத்தை யாருமே பெருசா எடுத்துக்க மாட்டாங்க. பணக்காரங்ககிட்ட பணம் வாங்கி பல விதமா பந்தயம் கட்டுற ஹெட்ஜ் ஃபண்ட்ல, போட்ட பணத்துல வருஷம் 2 சதவீதம், லாபத்துல 20 சதவீதம்ங்கிறது ரொம்ப காலமா இருந்த ரேட். வாரன் பஃபெட் இதை வச்சே ஒரு பந்தயம் கட்டுனாரு, 2008ல இருந்து 10 வருஷம், அமெரிக்காவோட 500 பெரிய கம்பெனிப் பங்குகளை அப்படியே வாங்கி வைக்குற சாதாரண எஸ் அண்ட் பி 500 இண்டெக்ஸ் ஃபண்ட் ஒரு பக்கம், எதிர்த்தரப்பு பொறுக்கி எடுத்த ஹெட்ஜ் ஃபண்ட் கூட்டம் ஒரு பக்கம். மொத 9 வருஷத்துல இண்டெக்ஸ் வருஷத்துக்கு 7.1 சதவீதம் குடுத்துச்சு, அவங்க சராசரி 2.2தான். நீங்களே கணக்கு போட்டுப் பாருங்க, 100 ரூபா 7 சதவீதத்துல 30 வருஷம் வளந்தா 761 ஆகும், அதுல கட்டணமா வருஷம் 2 சதவீதம் போய் 5ஆ வளந்தா 432லயே நின்னுடும்.