தூலத்துக்குத் தூலம் 3 அடி: பழைய மச்சுக்குப் புதுப் பலகைத் தளம் போடுவது எப்படி?

காரைக்குடி, தஞ்சாவூர் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் மாடி அறைக்கு மரத்தளம்தான். சுவருக்குச் சுவர் தேக்குத் தூலம், அதன்மேல் பலகை. தூலம் நல்ல பருமனாக இருந்ததால் இரண்டரை அடிக்கும் மூன்று அடிக்கும் ஒன்றாகத் தள்ளித் தள்ளிப் போட்டிருப்பார்கள். அதற்கேற்ற கனத்தில் பலகை இருந்தவரை தளம் அசையாது. பலகை உளுத்த பிறகு, கடையில் கிடைக்கும் முக்கால் அங்குலப் பலகையை வாங்கி அதே தூலத்தில் அறைந்தால் வருவதுதான் தொல்லை. நடக்கும்போது தளம் அமுங்கி எழும், பீரோ கதவு தானாகத் திறக்கும், ஆணி ஒவ்வொன்றாகத் தலைதூக்கும். பலகையைத் தேர்ந்தெடுப்பது கடைசி வேலை. முதலில் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும்.

கணக்கு

இடைவெளி இரண்டு மடங்கானால், ஓர் ஆள் நடுவில் நிற்கும்போது பலகை எட்டு மடங்கு வளையும். பலகையின் கனம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டில் ஒன்றாகும். அதாவது 2 அடி இடைவெளியில் 1 அங்குலப் பலகைக்கு இருக்கும் விறைப்பு 3 அடி இடைவெளியில் வேண்டுமென்றால் 1½ அங்குலப் பலகை போட வேண்டும். தேக்கில் அந்தக் கனம் வாங்குவது பெரும் செலவு, தூலத்தின் மேல் ஏறும் எடையும் ஒன்றரை மடங்கு. அதனால் நான் சொல்லப்போவது வேறு வழி: தூலங்களுக்கு இடையே குறுக்குச் சட்டம் போட்டு இடைவெளியை 16 அங்குலமாகக் குறைத்துவிட்டு, சாதாரண 1 அங்குலப் பலகையையே போடுவது. சுவரை உடைக்க வேண்டாம், தளத்தின் உயரமும் மாறாது.

ஆனால் ஒன்று. இந்த முறை பலகையின் ஆட்டத்தைத்தான் நிறுத்தும். தூலமே வளைந்து ஆடினால் குறுக்குச் சட்டம் அதைக் காப்பாற்றாது. பளு முழுவதும் கடைசியில் அந்தத் தூலத்துக்கே போகிறது.

முதலில் தூலத்தைப் பாருங்கள்

தூலம் கெடுவது பெரும்பாலும் சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில்தான். ஓதம் ஏறிய சுவரில் அந்த ஒரு சாண் மட்டும் மாவாகியிருக்கும், மீதி முழுதும் புதுமரம் போலிருக்கும். சுவரை ஒட்டிய இடத்தில் பழைய ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்திப் பாருங்கள். நல்ல தேக்கில் முனை வழுக்கும், கீறல்தான் விழும். கெட்ட மரத்தில் அரை அங்குலம் சுலபமாக இறங்கும். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் காதுக்கும் தெரியும்: கணீரென்று கேட்டால் நல்லது, 'பொத்' என்று அமுங்கிக் கேட்டால் உள்ளே பொள்ளல். கரையான் புற்றுமண், அடியில் கொட்டிக் கிடக்கும் மாவுத்தூள் இரண்டையும் தேடுங்கள். முனை உளுத்திருந்தாலோ, நடுவில் குறுக்கே வெடிப்பு ஓடியிருந்தாலோ, வேலையை நிறுத்திவிட்டுக் கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அங்கே செலவு மிச்சம் பிடிக்கவே கூடாது.

பழைய பலகையைக் கழற்றுதல்

கீழ் அறையைக் காலி செய்து பூட்டுங்கள். மாடி மின்சாரத்தை மெயினில் நிறுத்துங்கள். பழைய வயர் தூலத்தோரமாகவே ஓடும். முகக்கவசம் போடுங்கள்.

எல்லாப் பலகையையும் ஒரே நாளில் பிடுங்காதீர்கள். தூலங்கள் பக்கவாட்டில் சாயாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்தப் பலகைகள்தான். நான்கைந்து பலகைக்கு ஒன்றை விட்டுவைத்தால் தூலமும் நிற்கும், நீங்கள் நிற்கவும் இடம் கிடைக்கும். பழைய ஆணியைக் கடப்பாரையால் நெம்பினால் பலகை பிளக்கும். ஆணித் தலையை 'பஞ்ச்' என்னும் இரும்பு உளிமுனையால் அடித்து உள்ளே இறக்கிவிட்டால் பலகை முழுசாக வரும். பழைய தேக்கில் நல்ல துண்டு எதையும் எறியாதீர்கள்.

குறுக்குச் சட்டம்

தேவையானவை: 2×2 அங்குல ரீப்பர் (ஒடுக்கமான மரப்பட்டி), 4×2 அங்குலச் சட்டம், 4 அங்குல ஸ்க்ரூ. தூலம் குறைந்தது 6 அங்குல உயரம் இருக்க வேண்டும்.

தூலத்தின் மேல்விளிம்பிலிருந்து 4 அங்குலம் கீழே கோடு போடுங்கள். ரீப்பரின் மேல்முகம் அந்தக் கோட்டில் வருமாறு தூலத்தின் பக்கத்தில் வைத்து, 6 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ முடுக்குங்கள். முன்பே துளை போடாமல் பழைய தேக்கில் முடுக்கினால் ஸ்க்ரூவின் கழுத்து முறியும். எதிர்த் தூலத்திலும் இதேபோல. சட்டம் இந்த இரண்டு ரீப்பர் மேலும் உட்காரும்.

சட்டத்தின் நீளத்தை ஒரே அளவாக வெட்டி அடுக்காதீர்கள். கையால் செதுக்கிய தூலங்கள் நேர்க்கோட்டில் போவதில்லை. ஒரு முனையில் 34 அங்குலம் இருக்கும் இடைவெளி மறுமுனையில் 36 ஆக இருக்கலாம். ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியாக அளந்து, எண் போட்டு வெட்டுங்கள். சட்டம் கையால் தள்ளினால் இறங்க வேண்டும். சுத்தியலால் அடித்து இறக்கினால் தூலத்தை அது பக்கவாட்டில் தள்ளும். மையத்துக்கு மையம் 16 அங்குலம் வைத்து, இரு முனையிலும் சாய்வாக ஸ்க்ரூ போட்டுப் பிடியுங்கள்.

சட்டத்துக்கு இடம் பண்ண வேண்டுமென்று தூலத்தில் காடி (பள்ளம்) வெட்டுவதை எவ்வளவு சொன்னாலும் சிலர் விடுவதில்லை. தயவுசெய்து வேண்டாம். குறிப்பாகத் தூலத்தின் அடிப்பக்கம் இழுவிசையைத் தாங்கும் பக்கம். அங்கே போடும் ஒரு வெட்டு தூலத்தின் பலத்தையே குறைத்துவிடும். செட்டிநாட்டு வீடுகளுக்குக் கப்பலில் வந்த பர்மா தேக்குக்கு இன்று மாற்று கிடைப்பது அரிது.

மட்டம்

கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் ட்யூப் மட்டம் இதற்குப் போதும். நான்கு மூலையிலும் குறித்து, நூல் கட்டுங்கள். சட்டத்தின் மேல்முகம் நூலைத் தொடாமல் தொட வேண்டும். பள்ளமான இடத்தில் ரீப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய தேக்குச் செதில் வையுங்கள். அட்டையும் தெர்மாகோலும் நாளடைவில் நசுங்கும். தூலத்தின் முதுகும் பள்ளமாக இருந்தால் அதன்மேல் தேக்குப் பட்டி ஒட்டி உயர்த்துங்கள்.

பலகை

இப்போது பலகை தூலத்துக்கு இணையாக, சட்டங்களுக்குக் குறுக்கே போகும். 4 அல்லது 5 அங்குல அகலம் போதும்; அகலப் பலகை கிண்ணம்போல் வளையும். வாங்கியதும் போட்டுவிடாமல், அதே அறையில் இடையில் ரீப்பர் கொடுத்து இரண்டு வாரம் அடுக்கி வையுங்கள். அடிப்பக்கத்துக்குப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் பூசிக் காயவிட்டால் பூச்சிக்குப் பாதுகாப்பு.

இரண்டு பலகை சேரும் முனை சட்டத்தின் நடுவில் விழட்டும். அடுத்த வரிசையில் அதே சட்டத்தில் முனை வரக்கூடாது. ஒவ்வொரு சட்டத்திலும் இரண்டு ஸ்க்ரூ, நீளம் 2½ அங்குலம். கடலோர ஊரானால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சுவரை ஒட்டிச் சுற்றிலும் அரை அங்குலம் விடுங்கள், ஸ்கர்ட்டிங் பட்டி அதை மறைத்துவிடும். பங்குனி வெயிலில் நெருக்கிப் போட்ட தளம் ஐப்பசி மழையில் ஊதி மேலே எழும்பும்.

தூல முனை நுழையும் துளையைச் சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள். மரம் மூச்சுவிடாமல் ஓதத்திலேயே கிடந்து உளுக்கும்.

பளு

வீட்டு அறைக்கு இந்தியத் தரநிர்ணயம் எடுத்துக்கொள்ளும் பளு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. புத்தக அலமாரியோ நெல் மூட்டையோ தண்ணீர்த் தொட்டியோ வைப்பதானால், அந்தத் தூலம் தாங்குமா என்று பொறியாளரிடம் முன்பே கேளுங்கள். சாதாரண பீரோவை அறை நடுவில் நிறுத்தாமல், தூல முனைகள் நுழையும் சுவரை ஒட்டி, இரண்டு தூலத்தின் மேலும் பளு விழும்படி வையுங்கள்.