கர்ப்ப காலத்தில் கண்ணாடி பவர் மாறினால்

கர்ப்பத்தின்போது உடலில் நீர் சேர்வதால் கருவிழியும் லேசாகத் தடித்து, அதன் வளைவு மாறலாம். அதனால்தான் பழைய கண்ணாடியில் எழுத்து மங்குகிறது, பழகிய கான்டாக்ட் லென்ஸ்கூட உறுத்துகிறது. பெரும்பாலும் இது தற்காலிகம்தான். அன்றாட வேலைக்கே இடைஞ்சல் என்றாலொழிய புதுக் கண்ணாடிக்குச் செலவழிக்காதீர்கள். பிரசவமாகி 6 வாரமாவது கழித்துப் பரிசோதியுங்கள். கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் லேசிக் எனும் லேசர் சிகிச்சை, தாய்ப்பால் நிறுத்திச் சில மாதங்கள் ஆனபின்தான்.

கண் வறண்டு எரிந்தால், கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனம் இல்லாத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு நல்லது. எந்தச் சொட்டு மருந்தானாலும் விட்டதும் கண்ணை மூடி, மூக்கையொட்டிய கண் ஓரத்தை விரலால் 2 நிமிடம் மெல்ல அழுத்துங்கள். மருந்து மூக்குக்குள் இறங்கி ரத்தத்தில் கலப்பது குறையும். கண் அழுத்த நோய்க்கு மருந்து விடுபவர்கள் தாங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள். முன்பே சர்க்கரை நோய் இருந்தால் முதல் 3 மாதத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம்.

20 வாரத்துக்குப் பின் கண்முன் மின்னல், இரட்டைப் பார்வை, திடீர் மங்கல் வந்தால், தலைவலி இல்லாவிட்டாலும், பவர் பிரச்சினை என்று விட்டுவிடாதீர்கள். ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறியிருக்கலாம். உடனே பிரசவ மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தை பிறந்து சில வாரங்கள்வரைகூட இது வரலாம்.