கலக்கிய சாயத்தை மீட்டுக் காட்டுவது எப்படி?

கரண்டியைச் சுற்றினால் மட்டும் திரவம் கலந்துவிடாது. கரண்டி சாயத்தை மெல்லிய இழைகளாக இழுக்கும், அவ்வளவுதான். மிச்ச வேலை மூலக்கூறுகளின் விரவலுடையது, அதாவது அவை தாமாகவே அலைந்து பரவுவதுடையது. பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் புகழ்பெறச் செய்த இந்தச் சோதனையில் அதைக் கண்ணால் காணலாம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கிடைக்கும் பொருட்களே போதும்.

நேர்ச்சுவருள்ள இரண்டு கண்ணாடிக் குவளைகள் வேண்டும்: வெளிக்குவளை 9 செ.மீ. உள்விட்டம், உள்குவளை 6 செ.மீ. விட்டமும் சற்றுக் கூடுதல் உயரமும். மருந்துக்கடைக் கிளிசரின் 300 மி.லி., கேசரிப் பவுடர், ஊசியில்லாத சிரிஞ்சு. கரும்பு விளையும் ஊர்தானே என்று கோல்டன் சிரப் வாங்காதீர்கள்; அதன் பழுப்பில் சாயம் தெரியாது.

உள்குவளையில் மணல் நிரப்பி நடுவில் வையுங்கள். 6 செ.மீ. துளையிட்ட அட்டை வளையத்தை மேலே பொருத்தினால் அது நகராது. சிரிஞ்சு நுழைய ஓரத்தில் ஒரு வெட்டு விடுங்கள். இடைவெளியில் கிளிசரினை 8 செ.மீ. உயரத்துக்கு மெதுவாக ஊற்றி, குமிழி அடங்கும்வரை பொறுங்கள். சாயத்தையும் கிளிசரினிலேயே கரைக்க வேண்டும். தண்ணீரில் கரைத்தால் அடர்த்தி குறைந்து மேலே மிதந்துவிடும். பெரும்பாலான சோதனைகள் கெடுவது இங்கேதான். பாதி ஆழத்தில், சுவர்களைத் தொடாமல் ஒரு சொட்டு விடுங்கள்.

உள்குவளையை ஒரு சுற்றுக்கு 10 வினாடி வீதம் நான்கு சுற்று திருப்புங்கள். சாயம் மங்கலான பட்டையாகும். உடனே அதே வேகத்தில் நான்கு சுற்று பின்னோக்கித் திருப்பினால் சொட்டு ஏறக்குறைய பழைய இடத்தில் வந்து நிற்கும்! ஓரம் மட்டும் லேசாகக் கலங்கியிருக்கும், அதுதான் விரவல்.

குவளை ஆடினால் சொட்டு சிதறும். டர்பன் கோடை ஈரத்தில் பாட்டிலைத் திறந்து வைக்கவும் கூடாது: கிளிசரின் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், 10 சதவீதம் நீர் சேர்ந்தாலே பாகுநிலை (ஓட்டத்தைத் தடுக்கும் பிசுபிசுப்பு) ஆறில் ஒரு பங்காகிவிடும்.

ஓட்டத்தின் உந்தத்தைப் பாகுநிலையோடு ஒப்பிடுவது ரெனால்ட்ஸ் எண்; இங்கே அது சுமார் 0.3. அதே குவளையில் தண்ணீர் ஊற்றித் திருப்பினால் ஏறக்குறைய 280. சுழல்கள் பிறந்து சாயம் திரும்பவே திரும்பாது. கரைக்கு அப்பால் ஓடும் அகுல்ஹாஸ் நீரோட்டத்தில், 100 கி.மீ. அகலமும் நொடிக்கு 1 மீட்டர் வேகமும் வைத்துக் கணக்கிட்டால், அந்த எண் 10,000 கோடி. அங்கும் கடைசிக் கலப்பு மில்லிமீட்டர் அளவில்தான் நடக்கிறது. தண்ணீரில் சாயம் 1 செ.மீ. விரவ ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். சுழல்கள் அதை 0.1 மி.மீ. இழையாக மெலியவைத்தால் பத்து வினாடி போதும்.