பிடுங்கச் சொன்ன கடைவாய்ப் பல்

போன வருடம் முறுக்கு கடிக்கும்போது கீழ்வரிசையில் இடப்பக்கக் கடைவாய்ப் பல் பாதி உடைந்து விழுந்தது. ஏற்கெனவே சொத்தை அடைத்த பல். இரண்டு நாள் கிராம்பு வைத்துச் சமாளித்தேன். மூன்றாம் நாள் இரவு காது வரை குத்தியது. முதலில் பார்த்த மருத்துவர் எக்ஸ்ரேகூட எடுக்காமல், "பிடுங்கிடலாம், செலவு கம்மி" என்றார். அந்த வலியில் சரி என்றுதான் சொல்லத் தோன்றியது. அம்மாதான், "இன்னொருத்தர்கிட்ட காட்டிட்டு முடிவு பண்ணுடா" என்று தடுத்தார்.

இரண்டாவது மருத்துவர் எக்ஸ்ரேயைத் திரையில் காட்டி விளக்கினார். வேர் நெடுக்காகப் பிளந்திருக்கிறதா, அதைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்திருக்கிறதா, ஈறுக்கு மேலே கிரவுன் என்ற பல் உறை பிடித்து நிற்க 2 மில்லிமீட்டர் அளவுக்காவது நல்ல பல் சுற்றிலும் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தார். வேர் நெடுக்கப் பிளந்திருந்தால் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டிவரும் என்றார். பிடுங்கி அப்படியே விட்டால் பக்கத்துப் பல் அந்த இடைவெளியில் சாயலாம், மேல்பல் கீழே இறங்கலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அதைத் தடுக்க எலும்பில் பதித்து வைக்கும் இம்பிளான்ட் என்ற செயற்கைப் பல்லின் செலவு, முதல் மருத்துவர் சொன்ன கணக்கில் வரவே இல்லை.

நல்லவேளை, என் பல்லில் வேர் பிளக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் மிச்சப் பல்லின் உயரம் போதவில்லை. ஈறைக் கொஞ்சம் வெட்டிச் சரிசெய்தார். மூன்று தடவை போய் வேருக்குள் சுத்தம் செய்து அடைக்கும் ரூட் கேனால், அப்புறம் கிரவுன். மாட்டிய பிறகு ஒரு வாரம் கடித்தால் வலித்தது, பயந்துபோனேன். கிரவுனைச் சிறிது தேய்த்து உயரம் குறைத்ததும் நின்றது. ஆறு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் வேர்நுனியில் தொற்றின் அடையாளமாக இருந்த கருநிழல் நன்றாகச் சுருங்கியிருந்தது.